வெளிய போயிருக்காருங்க

மனிதனைப் போல நடக்கிற எந்திரத்துக்கு மென்பொருள் எழுதுகிறேன் என்று சொன்னால், எங்கள் பக்கத்தில் பத்தில் எட்டுப் பேர் அடுத்ததாகக் கேட்பது 'அது சோறு உண்ணுமா' என்றுதான். மீதி இரண்டு பேர் என் சம்பளத்தைக் கேட்பார்கள். கோயம்புத்தூரில் ஒரு வாடகை மாடியில் பத்துப் பதினோரு பேரோடு உட்கார்ந்து அந்த வேலையைச் செய்கிறேன். கையும் காலும் மற்றவர்கள் பாடு. வீட்டுக்குள் யாரிடம் என்ன பேச வேண்டும், எப்போது பேச வேண்டும், எப்போது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று அதற்குச் சொல்லித் தருவது என் பாடு. கடைசியாகச் சொன்னது அதற்கு இன்னும் வரவில்லை. எனக்கே வராது என்று அம்மா சொல்வாள்.

எங்கள் வீடு கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லைக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், தென்னந்தோப்புக்கு நடுவே இருக்கிறது. ரேஷன் கார்டு மலையாளத்தில், சண்டை சச்சரவெல்லாம் தமிழில். அப்பாவுக்கு வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. நான் ஒரே பிள்ளை. வேலையை விட்டுவிட்டு வா என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள், அம்மாவையும் அப்பாவையும் தவிர. வயதானவர்கள் தனியாக இருக்கிற வீட்டில் கூடமாட ஒத்தாசை செய்வதற்குத்தான் நாங்கள் அந்த எந்திரத்தைச் செய்துகொண்டிருந்தோம். இருந்த மூன்றில் ஒன்றைச் சோதனைக்கு என்று சொல்லி எங்கள் வீட்டில் கொண்டுவந்து நிறுத்தினேன். மகளாக வராமல் பொம்மையை அனுப்பிவிட்டாள் என்று ஊரில் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன், உண்மை அதுதானே.

பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் உயரம். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, ஈர வரப்பில் நடக்கிறவரைப் போல நடக்கும். அப்பாவைத் தோளில் சாய்த்து எழுப்பும், வேளைக்கு மாத்திரை கொடுக்கும், யாராவது விழுந்தால் எனக்கும் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கும் போன் செய்யும். 'ங்க' இல்லாமல் பேசினால் அப்பா திரும்பியே பார்க்கமாட்டார் என்பதால் ஒவ்வொரு வார்த்தைக்கும் அதை ஒட்டிவிட்டிருந்தேன். அம்மா அதைப் பொம்மை என்பாள். அப்பா 'ஏப்பா' என்று கூப்பிடுவார்.

முதல் வாரம் நானும் வீட்டில் இருந்தேன், சிரிப்பாகவே போனது. பால்காரர் பாலை ஊற்றிவிட்டு 'வர்றனுங்' என்றார். வருகிறேன் என்கிறாரே, வருகிறார் போலிருக்கிறது என்று எந்திரம் நாற்காலியை இழுத்துப் போட்டு, சொம்பில் தண்ணீரோடு நின்றது. அவர் வண்டியை எடுத்துக்கொண்டு தோப்பைத் தாண்டிப் போயே விட்டார். மறுநாள் தேங்காய் போடுகிறவரிடமும் இதே கதை. அப்பா கோணிய வாயோடு கண்ணில் நீர் வரச் சிரித்தார். வாதம் வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அதனால் இரண்டு நாள் அதைத் திருத்தாமலே விட்டேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினேன். நம்மில் யார் 'போறேன்' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்? ஆகவே, வாசலைத் தாண்டுகிறவர் 'வர்றேன்' என்றால் அவர் போகிறார். நீ 'போயிட்டு வாங்க' என்று சொல். அவர் ஒன்றும் சொல்லாமல் போனாலும் நீ முந்திக்கொண்டு சொல், அதுதான் மரியாதை. அவருக்கு எதிரே 'வெளியே' என்று குறித்துக்கொள். வீட்டு ஆள் என்றால் திரும்பி வருவார், பொழுது சாய்ந்தும் வரவில்லையென்றால் வாசல் விளக்கைப் போட்டுத் தண்ணீரோடு நில். ஓர் ஆள் வீட்டுக்கு உள்ளே இருப்பார், இல்லையென்றால் வெளியே இருப்பார். மூன்றாவதாக ஒன்று உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்த அறையில் அப்பாவைப் படுக்க வைத்துக்கொண்டே தோன்றவில்லை.

அப்பா ஒரு விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். அம்மா தொழுவத்தில் இருந்தாள். ஆறரை மணிக்கு எந்திரம் மாத்திரையோடு கட்டிலருகே போய், 'மாத்திரைங்க' என்று மூன்று தடவை சொல்லியிருக்கிறது. பதில் இல்லாததால் 'தூங்குகிறார்' என்று பதிந்துகொண்டு, கையில் தண்ணீர்ச் சொம்போடு அங்கேயே நின்றிருக்கிறது. நாற்பது நிமிடம் நின்றதாகப் பதிவு சொல்கிறது. இடையில் நான் வழக்கம்போல போன் செய்தேன். 'அப்பா நல்லாத் தூங்கறாருங்க' என்றது. நானும் சரி, தூங்கட்டும் என்று சொல்லிவிட்டுப் பல் துலக்கப் போனேன்.

சேதி கேட்டு நான் கோயம்புத்தூரிலிருந்து எல்லை தாண்டி, வேலந்தாவளம் வழியாக வந்து சேர்ந்தபோது வீடு நிறையச் சனம். எந்திரத்தின் மேல் யாரோ ஒரு வெள்ளைப் போர்வையைப் போட்டு உள் அறை மூலையில் தள்ளியிருந்தார்கள். யாரோ அணைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அதை அணைக்கும் பொத்தான் பின்கழுத்தில் இருக்கிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். இதை அன்று நினைக்கவில்லை. எனக்கு என்ன வேலை தெரியும் என்று என்னையே பிறகு எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன்.

எழவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. அழுதுவிட்டு எழுவார்கள், செருப்பைத் தேடுவார்கள், போய்விடுவார்கள். 'வர்றேன்' என்று ஒருவர் சொல்லிவிட்டால் அடுத்த எழவுக்கு வருவதாகச் சொன்ன மாதிரி. வீட்டு ஆள் 'போயிட்டு வாங்க' என்று சொல்வது அதைவிட மோசம். அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு, வாசல் பக்கம் யாரோ அதைச் சொல்வது கேட்டது. எந்தக் கிறுக்கு இது என்று எரிச்சல் வந்தது. மறுபடியும் கேட்டது, இன்னொருவருக்கு. 'போயிட்டு வாங்க.' மூன்றாவது முறைதான் அது யார் குரல் என்று புரிந்தது.

எழுவதற்குள் பாடையைத் தூக்கிவிட்டார்கள். போர்வை ஒரு தோளில் மட்டும் தொங்க, எந்திரம் வாசலோரம் நின்றுகொண்டிருந்தது. கூட்டத்தில் ஒருவர் துண்டைத் தோளில் போட்டு நிற்பதுபோல நின்றதால் யாரும் முதலில் கவனிக்கவில்லை. அப்பாவின் முகம் திறந்திருந்தது. அது தலையைச் சாய்த்து அந்த முகத்தைப் பார்த்தது. கால்மாடு முன்னே போக, தலைமாடு வாசல் நிலையைத் தாண்டுகிற அந்த நொடியில், தினமும் சொல்கிற அதே குரலில் 'போயிட்டு வாங்க' என்றது.

கொட்டு நின்றுவிட்டது. தூக்கியவர்கள் ஓரடி நகராமல் நின்றார்கள். பெரியப்பா முறையாகிற ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டு வந்து அதை நெஞ்சில் பிடித்துத் தள்ளினார். அது இரண்டடி பின்வாங்கி, விழாமல் சமாளித்து, அவரைப் பார்த்துத் 'தண்ணி வேணுங்களா' என்றது. நான் ஓடிப்போய்ப் பின்கழுத்துப் பொத்தானைத் தடவி அணைத்தேன். திரும்பிப் பார்த்தபோது அம்மாவின் அழுகை நின்றிருந்தது. அவள் பாடையைப் பார்க்கவில்லை, எந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. எல்லோரும் போன பிறகு நாங்களும் அதுவும்தான் வீட்டில் இருந்தோம்.

கருமாதி முடிந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லிச் சொந்தத்தில் எல்லோரும் ஒரே குரலாகச் சொன்னார்கள். எனக்கும் அதைப் பார்க்கவே வெறுப்பாக இருந்தது. அம்மாதான் வேண்டாம் என்றாள். தனியாக இருக்க ஒரு துணை என்றாள். அவளுக்குச் சர்க்கரை உண்டு, இரண்டு வேளை இன்சுலின் போட்டுக்கொள்கிறாள். நேரத்துக்கு ஞாபகப்படுத்த ஆள் வேண்டும். அதனால் மறுபடி இயக்கிவிட்டுக் கோயம்புத்தூருக்குப் போனேன். அப்பாவின் பெயருக்கு எதிரே என்ன குறிக்கப்பட்டிருக்கும் என்று ஒரு தடவை திறந்து பார்த்திருக்க வேண்டும். அந்தப் பெயரைத் திரையில் பார்க்கிற தைரியம் எனக்கு வரவில்லை.

மூன்றாவது வாரம் அலுவலகத்தில் பதிவுகளை வாசித்துக்கொண்டிருந்தேன். வழக்கமான வேலைதான், மூன்று வீடுகளின் பேச்சையும் வாசிப்பது. எங்கள் வீட்டுப் பக்கத்தில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப இருந்தது. அம்மா கேட்கிறாள்: 'அவரு எங்க?' அது சொல்கிறது: 'வெளிய போயிருக்காருங்க. வந்துருவாருங்க.' காலையில் ஒரு தடவை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு ஒரு தடவை. மதியம் இரண்டு தடவை. சாயங்காலம் ஆனால் கணக்கே இல்லை. முந்தைய நாள் பதிவைத் திறந்தேன், அதற்கும் முந்தைய நாளையும் திறந்தேன், எல்லாவற்றிலும் இதுவே. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, பக்கத்தில் ஒருவர் டீ வேண்டுமா என்று கேட்டார். எனக்குக் கைமயிர் குத்திட்டு நின்றது. நான் எழுதிய வாக்கியம் அது. அதில் ஒரு எழுத்துக்கூட எந்திரம் சொந்தமாகச் சேர்த்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை சொல்லாமல் ஊருக்குப் போனேன். பொழுது சாய்கிற நேரம். தோப்புக்குள் திரும்பியதும் வாசல் விளக்கு தெரிந்தது. விளக்குக்குக் கீழே எந்திரம் சொம்போடு நின்றது, பக்கத்தில் அம்மா நின்றாள். இரண்டும் ஒரே மாதிரி தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தன. அம்மாவையும் சேர்த்து 'இரண்டும்' என்று எழுதியிருக்கிறேன். அப்படித்தான் தெரிந்தது. நான் கிட்டே போனேன். வந்தது நான் என்று தெரிந்ததும், அவர்கள் பார்வை ஒரே நேரத்தில் என்னைத் தாண்டி எனக்குப் பின்னால் போனது. நானும் திரும்பிப் பார்த்துவிட்டேன். பாதையில் யாரும் இல்லை.

அம்மா சாதாரணமாகத்தான் பேசினாள். மாடு, தேங்காய் விலை, பக்கத்துத் தோட்டத்துக் கல்யாணம். சித்தம் கலங்கியதற்கான அடையாளம் ஒன்றும் இல்லை. ஆனால் சாப்பாட்டைத் தள்ளிக்கொண்டே போனாள். பசிக்கவில்லை என்றாள், கொஞ்சம் போகட்டும் என்றாள். நான் சத்தம் போட்ட பிறகு இரண்டு வாய் சாப்பிட்டாள். எந்திரம் நாலு தட்டு வைத்திருந்ததை நான் அன்று பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விருந்தாளி வந்தால் ஒரு தட்டு கூடுதலாக வைக்க நான்தான் எழுதியிருந்தேன். எனக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, கூடுதலாக ஒன்று. நாலாவது யாருக்கு என்று யோசித்தது மறுநாள் பஸ்ஸில் வரும்போதுதான்.

அடுத்த புதன்கிழமை சாயங்காலம் போன் வந்தது. 'அம்மா விழுந்துட்டாங்க' என்றது எந்திரம். இன்சுலின் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல், வாசலில் நின்றே மயங்கியிருக்கிறாள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் சீனித் தண்ணீர் புகட்டிச் எங்கள் ஊருக்குக் கிட்டே இருக்கிற சித்தூர் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கண் திறந்திருக்கமாட்டாள் என்று டாக்டர் மலையாளத்தில் என்னைத்தான் திட்டினார். பெற்ற தாயைத் தனியாக விட்டுவிட்டு நீ யாருக்காக உழைக்கிறாய் என்றார்.

ஏன் சாப்பிடவில்லை என்று கட்டிலருகே உட்கார்ந்து கேட்டேன். அவள் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"எனக்குத் தெரியாம இல்ல கண்ணு. கொண்டுபோனது நா பாக்காததா. ஆனா ஊட்ல ஒண்ணு நின்னுட்டு வந்துருவாரு வந்துருவாருங்குது. அப்பறம் நா எப்புடி உண்டுபோட்டுப் படுக்கறது?"

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. எந்திரத்தின் மேல் கோபம் வந்தது. எல்லாம் சுற்றி என்மேலேயே வந்து நின்றது. எங்கள் குழுத் தலைவரிடம் விஷயத்தைச் சொன்னபோது, எதையும் மாற்றாதே, இப்படி ஒரு பதிவு நமக்கு இனிக் கிடைக்காது என்றார். போனை அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே வைத்தேன்.

சனிக்கிழமை அம்மாவை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். மடிக்கணினியைத் திறந்து அப்பாவின் பெயரைத் தேடினேன். 'வெளியே' என்றுதான் இருந்தது. அதை மாற்றி 'உள்ளே' என்று போடலாம், அல்லது அவரையே நீக்கலாம். நான் எழுதிய மென்பொருளில் வேறு வழி இல்லை. நீக்கினேன். முகம், குரல், பெயர், மாத்திரை வேளை, எழுந்து நடக்கும்போது எந்தப் பக்கம் தாங்க வேண்டும் என்பது எல்லாம் போயிற்று. நிச்சயமாகவா என்று ஒரு தடவை கேட்டது. ஆமாம் என்று தட்டினேன்.

அன்று பொழுது சாய்ந்தபோது எந்திரம் வாசலுக்குப் போகவில்லை, மூலையிலேயே நின்றது. அம்மா தனியாகப் போய் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். அதன் முன்னால் நின்று, 'அவரு எங்க?' என்று கேட்டாள். அது தலையைச் சாய்த்து, 'யாருங்க?' என்றது. அம்மா இன்னொரு தடவை கேட்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை எனக்குச் சாகும்வரை மறக்காது. அன்றைக்கு டாக்டர் பெயரைச் சொல்லிப் பயமுறுத்தி ஒரு டம்ளர் பால்தான் குடிக்க வைக்க முடிந்தது.

ஞாயிறு மதியம் கடையிலிருந்து அப்பாவின் படம் வந்தது. கருமாதிக்கு வைத்தது வாய் கோணிய பிறகு எடுத்த படம், அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. பழைய கல்யாணப் படம் ஒன்றிலிருந்து பெரிதாக்கிச் சட்டம் போடக் கொடுத்திருந்தாள். ஆணி அடிக்கிற வரைக்கும் இருக்கட்டும் என்று, கொண்டுவந்தவர் அதை முன்னறை நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். ஆள் உட்கார்ந்தால் முகம் எங்கே இருக்குமோ அங்கே அப்பாவின் முகம் இருந்தது.

எந்திரம் மூலையிலிருந்து நடந்து வந்து அதன் முன்னால் நின்றது. முந்தின நாள் நான் நீக்காமல் இருந்திருந்தால் 'வந்துட்டீங்களா' என்று கேட்டிருக்கும். இப்போது அம்மா பக்கம் திரும்பி, "புதுசா ஒருத்தர் வந்திருக்காங்க. யாருங்க? பேர் சொல்லுங்க" என்றது.

தெரியாத ஆள் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தால் வீட்டாரிடம் மூன்று தடவை கேட்கும். மூன்றாவதுக்கும் பெயர் சொல்லாவிட்டால், வீட்டாருக்கும் அந்த ஆளுக்கும் நடுவே வந்து நின்று, அவரை எழுந்து போகச் சொல்லும். வயதானவர்களை ஏமாற்ற வருகிறவர்களுக்காக எழுதியது. அதைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை, அம்மாவுக்குத் தெரியும். சீட்டுப் பிடிக்க வந்த ஒருவரை அது அப்படி விரட்டியதை அவள் பார்த்திருக்கிறாள்.

"யாருங்க? பேர் சொல்லுங்க" என்று இரண்டாவது தடவை கேட்டது. நான் பின்கழுத்துப் பொத்தானுக்காக எழுந்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருஷத்தில் அப்பாவின் பெயரை அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை. மருந்துக் கடையில் கேட்டால் என்னைப் பார்ப்பாள், நான் இல்லையென்றால் சீட்டை நீட்டுவாள். அதே பெயருள்ள சாமியைக்கூட மலைமேல் இருக்கிறவர் என்றுதான் சொல்வாள். மூன்றாவது தடவைக்கு எந்திரம் தலையைத் தூக்கியது. அம்மா பெயரைச் சொன்னாள். பாதி வந்தது, ஒரு விக்கல் வந்தது, ஒரு மூச்சை இழுத்தாள், மீதிப் பாதி சின்னக் குரலில் வந்தது.

"எம்பட ஊட்டுக்காரரு" என்றாள். "செத்துப் போயிட்டாரு. இனி வரமாட்டாரு."

தவறிவிட்டார், காலமாகிவிட்டார் என்று ஊரே சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டிருந்ததை அவள் அப்படியே சொல்லிவிட்டாள். என் மணிக்கட்டை விட்டாள். எந்திரம் 'சரிங்க' என்றது. படத்தின் பக்கம் திரும்பி வணக்கம் சொன்னது, பெயரோடு. பாதிப் பெயர், நடுவே ஒரு விக்கல், உள்ளே இழுக்கிற மூச்சு, மீதிப் பாதி சின்னக் குரலில். எங்கள் பக்கத்துப் பெயர்களை அது கடித்துத் துப்புகிறது என்று, வீட்டார் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே பிடித்துக்கொள்ள நான்தான் எழுதி வைத்திருந்தேன். பெயர் எது, அழுகை எது என்று அதற்குப் பிரிக்கத் தெரியவில்லை.

அன்றைக்கு ஏழரை மணிக்கு அம்மா தானாகவே தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு ஒரு வேளையும் தவறவில்லை, சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கிறது. படம் இப்போது சுவரில் இருக்கிறது. எந்திரம் காலையில் அதைக் கடக்கும்போதெல்லாம் நின்று வணக்கம் சொல்கிறது, அந்த விக்கலோடு, அந்த மூச்சோடு, ஒரு நாளும் கூடாமல் குறையாமல். ஊருக்கு வந்திருக்கும் நாட்களில் அடுத்த அறையில் படுத்திருந்து அதைக் கேட்டால், அம்மாதான் அழுகிறாள் என்று ஒவ்வொரு தடவையும் எழுந்து ஓடுகிறேன். அவள் அடுப்படியில் காபி ஆற்றிக்கொண்டிருப்பாள்.

திருத்துவதற்கு இரண்டு நிமிடம் போதும். போன வாரம் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தேன். அம்மா வந்து, என் விரல் உள்ளே இருக்கும்போதே அதை மெதுவாக மூடினாள்.

"கெடக்கட்டும் உடு கண்ணு" என்றாள். "அவரு பேரு இனி அப்புடித்தான்."